ஏழாம் இலக்கத்துக்கு விழுந்த வாக்குகளும் அடிகளும்

கொட்டாஞ்சேனை
2025 செப்டெம்பர் 8

தம்பி நிக்கலஸுக்கு மெற்றில்டா அக்கா எழுதுவது.

நானும் உன் அத்தானும் சுகம். சுகமில்லாதவர்களைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

பாட்டுப் போட்டி முடியும்வரை உங்களை வெள்ளவத்தை ஃபிளாட்டில் அடைத்துவைத்து, போனையும் வாங்கிவிட்டார்கள் என்று அறிந்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. இப்போது அது நல்லதற்குத்தான் என்று நினைக்கிறேன். நீ இங்கே இருந்தால் உன்னையும் வோட் சேர்க்க அனுப்பியிருப்பார்கள். மேக்கப் போட வருகிற ஷெரோமி நம் சித்தியின் மகளாகப் போனது பெரிய உதவி. கடிதங்களை அவளிடமே கொடு. வேறு யாரையும் நம்பாதே.

நேற்று நடுவர்கள் உனக்குக் குறை சொன்னார்கள். பரவாயில்லை. நடுவர்கள் வாயால் சொல்வார்கள், எஸ்.எம்.எஸ். தான் எண்ணப்படும். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வரிசையில் நிற்கிற பெண்கள் உன் இலக்கத்தை முன்னால் நிற்பவரிடமிருந்து பின்னால் நிற்பவருக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். ஏழு, ஏழு என்று போகிறது. மெழுகுதிரி விற்கிறவள் மீதிக் காசோடு சேர்த்துச் சொல்கிறாள். எல்லாருக்கும் நீ மருமகன். மகள் இல்லாதவர்களுக்கும் நீ மருமகன்.

ஆண்கள் ஒருவரும் வோட் போடுவதில்லை. அது பெண்களின் வேலையாம். அவர்கள் இளைஞர் அணி அமைத்திருக்கிறார்கள். நாற்பத்தாறு வயதில் உன் அத்தான் ரெனால்ட் அதன் தலைவர். உன் முகம் அச்சடித்த ரீசேட் எல்லாருக்கும் கொடுத்தாகிவிட்டது. ரீசேட் போட்ட பிறகு செய்வதற்கு ஏதாவது வேண்டுமே. சனிக்கிழமை போனுக்கு ரீலோட் போடுகிற நபீஸின் கடைக் கண்ணாடியை உடைத்தார்கள். பிறகு அவன் தோள் எலும்பை. கடையில் உன் படமும் ஒட்டியிருந்தது. ஆனால் உன்னோடு போட்டியில் இருக்கிற வெள்ளவத்தைப் பொடியன் ராகுலனின் படம் அதற்கு மேலே இருந்ததாம். முந்தி வந்த படத்தை மேலே ஒட்டினேன் என்று அந்த மனிதன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

அவனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நம் மேல்மாடி வாடகைக்காரன் வினோதன். பம்பலப்பிட்டியில் கணக்கு எழுதுகிறவனுக்கு இந்த வேலை எதற்கு? உன் சிநேகிதன்தானே. ஊர் விசயத்தில் தலையிட வேண்டாம் என்று எழுதிவை.

அக்கா


வெள்ளவத்தை
செப்டெம்பர் 11

அன்பு அக்காவுக்கு,

நபீஸின் தோள் எப்படி இருக்கிறது? நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். என் முகத்தோடு போய் அடித்தால் அடித்தவன் நான்தான்.

இங்கே எங்களுக்குப் பாடக் கற்றுக்கொடுக்க ஒருவர், நடக்கக் கற்றுக்கொடுக்க ஒருவர், எங்களுக்கு யார் வோட் போடுகிறார்கள் என்று கற்றுக்கொடுக்க றஷ்மி என்று ஒரு மிஸ் இருக்கிறார். மூன்றாமவருக்குத்தான் சம்பளம் கூட. திங்கட்கிழமை சுவரில் வட்டம் ஒன்றைக் காட்டினார். வட்டத்தில் பெரும்பகுதி பெண்கள். முப்பத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் மகனையோ மருமகனையோ தேடுகிறார்கள், அதற்குக் கீழ்ப்பட்டவர்கள் சொந்தமில்லாத ஆணைத் தேடுகிறார்கள் என்றார். ஆண்களின் பங்கு மெல்லிய கோடுபோல இருந்தது. எல்லாரிலும் நன்றாகப் பாடுகிறவள் உஷாந்தி. அவள் எழுந்து, தனக்கு யார் போடுவார்கள் என்று கேட்டாள்.

“உமக்கு ஆம்பிளையள் போடோணும். அவங்கள் உம்மைப் பாத்துக்கொண்டு இருப்பாங்கள், போட மாட்டாங்கள். பொம்பிளையளுக்கு வடிவான பிள்ளையில நம்பிக்கை இல்லை” என்றார் மிஸ்.

வட்டத்தில் இன்னொரு துண்டு இருந்தது. அதற்குப் பெயர் எழுதவில்லை. யார் என்று கேட்டேன். ஆண்களை விரும்புகிற ஆண்களாம். வீட்டார் படுத்த பிறகு போடுவார்களாம், ஒரு ஆள் நாற்பது ஐம்பது. வேறு எங்கும் அவர்களுக்கு வோட் போட ஆள் இல்லையே என்று மிஸ் வானிலை வாசிப்பதுபோலச் சொன்னார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பெண் சிநேகிதி உண்டா என்றார். இல்லை என்றேன். மிகவும் நல்லது என்றார். ஆண்? என்றார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வினோதனுக்கு நேரம் தவறாமல் சாப்பாடு கொடுங்கள். கேட்டால்தான் சாப்பிடுவான்.

உங்கள் தம்பி


கொட்டாஞ்சேனை
செப்டெம்பர் 16

நிக்கலஸ்,

படம் ஒன்று வந்திருக்கிறது. ராகுலனின் ஆட்கள் ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறார்கள். காலிமுகத்திடல் சுவரில் நீயும் வினோதனும் ஒரே குடைக்குள் இருக்கிறீர்கள். இருபுறமும் காதலிக்க வந்த ஆணும் பெண்ணுமாக வேறு குடைகள். மழை பெய்திருந்தால் நான் யாரிடமும் வாதாடியிருப்பேன். அந்தப் படத்தில் நல்ல வெயில்.

எனக்கு நீ சொல்லியிருக்கலாம். நான் உன்னைத் தின்றுவிடமாட்டேன். கொஞ்ச நாள் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு பேசியிருப்பேன். இப்போது ஊர் முழுக்க எனக்கு முன்னாலேயே தெரிந்துகொண்டது. செவ்வாய் வரிசையில் நான் நின்ற இடத்துக்கு முன்னாலும் பின்னாலும் இடைவெளி இருந்தது. உன் இலக்கத்தை யாரும் சொல்லவில்லை.

இளைஞர் அணி கூடியது. முதலில் உனக்கு பேனர் அடித்தவனை அடித்தார்கள், அவன் ராகுலனுக்கும் அடித்துக் கொடுத்தானாம். பிறகு வெள்ளவத்தையிலிருந்து வந்த மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கொளுத்தினார்கள். அது மருந்து கொண்டுவந்தவனுடையது என்று பிறகு தெரிந்தது. அவனுக்கு முழங்கால் வரை எரிந்திருக்கிறது. அணிக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

வினோதனிடம் இரண்டு கிழமைக்கு எங்கேயாவது போ என்று நல்ல மாதிரிச் சொன்னேன். படியில் நின்றுகொண்டு, “அவன் வரேக்க நான் இங்க இருக்கோணும் அக்கா, சொல்லித்தான் விட்டனான்” என்றான். எனக்கு அக்கா என்று சொல்ல இவனுக்கு யார் உரிமை கொடுத்தது? கொடுத்தது நான்தான், மூன்று வருடத்துக்கு முன். ஆனால் அப்போது தெரியாதே.

அந்த உஷாந்தியோடு ஏதாவது காட்டச் சொல்லி சனல்காரர் கேட்பார்கள் என்று ஷெரோமி சொன்னாள். ஓம் என்று சொல்.

மெற்றில்டா


வெள்ளவத்தை
செப்டெம்பர் 18

அக்கா,

கேட்டுவிட்டார்கள். இறுதிப் போட்டி மேடையில் நான் உஷாந்தியின் முன் மண்டியிட்டு மோதிரம் போட வேண்டும். உஷாந்திக்கு இது புதிதில்லை. போன வருடம் நாடகத் தொடர் ஒன்றுக்காக இதே சனலில் அவளை ஒருவன் கட்டியிருக்கிறான். “அந்தத் தாலியைத் திருப்பி வேண்டிப்போட்டாங்கள் அண்ணா. இந்த மோதிரத்தையாவது கேட்டு எடுங்கோ” என்றாள்.

நீங்கள் அறியாத ஒன்றைச் சொல்கிறேன். படம் வந்த பிறகு என் வோட் குறையவில்லை, கூடியிருக்கிறது. பெண்களின் பகுதி பாதியாகிவிட்டது. ஆனால் பெயர் எழுதாத துண்டு வட்டத்தை நிறைத்துக்கொண்டு நிற்கிறது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹற்றன் எல்லா இடமிருந்தும் வருகிறது. றஷ்மி மிஸ் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார்.

“வோட் கூடியிருக்கு தம்பி. ஆனா பிழையான ஆக்களிட்ட இருந்து கூடியிருக்கு.”

விளம்பரம் தருவது கறித்தூள் கொம்பனி. இந்த வோட்டுக்காரர் கறித்தூள் வாங்கமாட்டார்கள் என்று கொம்பனி நினைக்கிறதாம். அவர்கள் எதைப் போட்டுச் சமைக்கிறார்கள் என்று நினைக்கிறார்களோ தெரியாது. பெண்களைத் திரும்பக் கொண்டுவந்தால்தான் மேடையாம்.

நான் சம்மதித்துவிட்டேன். அதற்கு விலை இருக்கிறது, அதை அத்தானிடம் சொல்லுங்கள். நான் மோதிரம் போடுகிறேன். மேல்மாடியில் யாரும் கால் வைக்கக்கூடாது. எனக்கு வேறு எதுவும் வேண்டாம். வெற்றிகூட வேண்டாம். வினோதன் முழுசாக இருக்க வேண்டும். அத்தானை உங்களால் நிறுத்த முடியும், நிறுத்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

நிக்கலஸ்


கொட்டாஞ்சேனை
செப்டெம்பர் 23

தம்பி,

ஷெரோமி உனக்கு எதையாவது சொல்வதற்கு முன் நான் எழுதுகிறேன். வினோதன் உயிரோடு இருக்கிறான். பெரியாஸ்பத்திரியில் இருக்கிறான். இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. தாடைக்குக் கம்பி கட்டியிருக்கிறார்கள்.

நீ சொன்னதை அத்தானிடம் சொன்னேன். அவரும் ஒத்துக்கொண்டார். ஞாயிறு நிகழ்ச்சியில் நீயும் உஷாந்தியும் கைகோத்து வந்தபோது இங்கே வெடி கொளுத்தினார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டியது.

நிகழ்ச்சி முடிந்ததும் அணி வீடு வீடாகப் போய்ப் போன்களை வாங்கி, பெண்கள் ஒழுங்காகப் போட்டார்களா என்று பார்ப்பது இப்போது வழக்கம். நம் வீட்டுக்கும் வந்தார்கள். வினோதன் மாடியிலிருந்து தானே இறங்கி வந்து, கேட்டதும் போனைக் கொடுத்தான். பார்த்தால், அவன் உனக்கு ஒரு வோட்கூடப் போட்டிருக்கவில்லை. முதல் கிழமையிலிருந்து எல்லாம் மூன்றாம் இலக்கத்துக்கு, உஷாந்திக்கு. ஏன் என்று அத்தான் கேட்டார்.

“தோத்தா வீட்டுக்கு வருவான்தானே” என்று சொன்னான்.

அவன் ஒரு பொய்யைச் சொல்லித் தப்பியிருக்கலாம்.

கிரிக்கெட் மட்டையால் ஒருவன் அடித்தான். பிறகு பேனர் கட்டும் இரும்புக் குழாய். விழுந்தவனை உன் படம் போட்ட ரீசேட்டுகள் மிதித்தன. ஒருமுறை எழுந்து முற்றத்துக்கு ஓடினான். கேற் பூட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் கண்ணில் அடி பட்டது. நான் குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லாம் சத்தமாகத்தான் தெரியும்.

படத்துக்காக அடிக்கவில்லை, அதைக் கவனித்துக்கொள். வேறு ஆளுக்கு வோட் போட்டதற்காகத்தான் அடித்தார்கள். பொலிஸிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது, வோட் தகராறு என்று. கேட்கவும் கௌரவமாக இருக்கிறது. வினோதனிடம் கேட்டதற்கு முறைப்பாடு இல்லை என்று தலையாட்டினான். முறைப்பாடு செய்தால் குடையைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும், அதற்கு உங்கள் இருவரையும் உள்ளே போடச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது என்று அவனுக்கு விளங்கப்படுத்தியிருக்கிறார்கள்.

ஞாயிறு மேடையில் அந்த நீல நிறக் கோட் போட்டுக்கொள். பெண்கள் திரும்பி வருகிறார்கள்.

அக்கா


வெள்ளவத்தை
செப்டெம்பர் 25

இரவு பத்து மணிக்கு முன் உங்கள் கேற் ஒரு நாளும் பூட்டப்படுவதில்லை. சாவிக்கொத்து உங்கள் இடுப்பில் இருக்கும். ஞாயிறு எட்டரைக்கு அது பூட்டியிருந்தது.

ஷெரோமி வார்ட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவன் பேச முடியாமல் எழுதிக் காட்டினானாம். கேற்றைப் பிடித்துக்கொண்டு உங்களைக் கூப்பிட்டானாம். நீங்கள் குசினி ஜன்னலில் நின்றீர்களாம். பிறகு ஜன்னலைச் சாத்தினீர்களாம். உங்களைக் குறை சொல்லவில்லை என்றும் எழுதினானாம். அவன் சொல்லமாட்டான். நான் சொல்கிறேன்.

நேற்று ஒத்திகையில் திறக்கும்போது மோதிரப் பெட்டி என் கையிலிருந்து நழுவியது. நன்றாக இருக்கிறது, அதை அப்படியே வைத்துக்கொள் என்றார் இயக்குநர்.

ஞாயிறு டீவியைப் போடுங்கள்.

நிக்கலஸ்


கொட்டாஞ்சேனை
செப்டெம்பர் 30

தம்பி நிக்கலஸுக்கு,

நீ எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஷெரோமி இதைக் கொண்டுவருவாளோ தெரியாது. என்னோடு பேசுவதில்லை. இடது கையால் எழுதுகிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொள்.

நம் வீட்டில் பன்னிரண்டு பெண்கள் வந்திருந்தார்கள், உன் நிச்சயத்தைப் பார்க்க. எதிர்வீட்டு சுரேகா வட்டிலப்பம் செய்து கொண்டுவந்தாள். நீ பெட்டியைத் திறந்தாய். மண்டியிடவில்லை. உனக்குரிய ஆள் ஒற்றைக் கண்ணோடு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான் என்றாய். அவன் பெயரைச் சொன்னாய். அடித்தவர்கள் மூன்றாம் வரிசையில் உன் முகத்தைப் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள் என்று கையைக் காட்டினாய். கமெரா மூன்றாம் வரிசைக்குத் திரும்பியது. உன் அத்தான் முதலில் கையசைத்தார். பிறகுதான் அவருக்கு விளங்கியது. ஒரு கதிரை பறந்தது. அதற்குப் பிறகு கறித்தூள் விளம்பரம்.

விளம்பரம் முடிந்து மறுபடி அதே விளம்பரம் வந்தது. பிறகும் அதே. அதற்குள் மேடையில் என்ன நடந்தது என்று அடுத்த நாள்தான் கேள்விப்பட்டேன். உன் முகத்தை நெஞ்சில் போட்டவர்களே உன் முகத்தில் அடித்தார்களாம், உஷாந்தி மைக் கம்பியால் ஒருவனின் மண்டையைப் பிளந்தாளாம். இங்கே ஒருவரும் எழுந்து போகவில்லை. கடைசியில் சுரேகாதான் வாயைத் திறந்தாள்.

“இருபத்தெட்டு வருசம் குடும்பம் நடத்திறன். என்ர மனுசன் நாலு பேருக்கு முன்னால என்ர பேரைச் சொன்னதில்லை. ‘வீட்டில’ எண்டுதான் சொல்லுவார்.”

அவள் போனை எடுத்தாள். மற்றவர்களும் எடுத்தார்கள். இளைஞர் அணி திரும்பி வந்தபோது இந்தத் தெருவில் எல்லாப் போனும் பெண்களின் கையில் இருந்தது. அந்த இரவு எல்லா வீட்டிலும் சத்தம் கேட்டது. சுரேகாவின் கன்னம் இன்னும் வீங்கியிருக்கிறது. உன் அத்தான் உதடு கிழிந்து வந்தார். முதலில் டீவியை உடைத்தார். என் கையில் போன் இருந்ததைப் பார்த்தார். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது என்கிறார்கள். நான் நேரம் பார்க்கத்தான் அதை எடுத்தேன்.

ராகுலன் வென்றதாக அறிவித்தார்கள். ஏழாம் இலக்கத்துக்கு மட்டும் தொழில்நுட்பக் கோளாறாம்.

நீ பொலிஸுக்குப் போகப்போவதாகக் கதை. போகாதே. அத்தானுக்கு துறைமுகத்து வேலை போய்விடும். அதைவிட, நீ வாயைத் திறந்தால் முதலில் உன்னைத்தான் உள்ளே போடுவார்கள். இவர்கள் ஆறிவிடுவார்கள். எனக்கு அடித்த பிறகு அவர் சாப்பிட்டுவிட்டு நன்றாக நித்திரைகொண்டார்.

மெற்றில்டா


கிராண்ட்பாஸ்
ஒக்டோபர் 3

அன்பு அக்காவுக்கு,

ஷெரோமி கொண்டுவந்தாள். கடிதத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு, உங்கள் மணிக்கட்டைப் பற்றி நான் கேட்காமலே சொன்னாள். எனக்கு இரண்டு விலா எலும்பு முறிந்தது. இப்போது கிராண்ட்பாஸில் உஷாந்தியின் மாமா வீட்டில் ஒரு அறை தந்திருக்கிறார்கள். வினோதன் அடுத்த கிழமை வருவான். குடிப்பதெல்லாம் ஸ்ட்ரோவில்.

றஷ்மி மிஸ் பப்பாசிப் பழத்தோடு பார்க்க வந்தார். அந்த விளம்பர நேரத்தில் ஏழுக்கு வந்ததுபோல ஒரு தொகை எந்த வருடமும் வந்ததில்லையாம். பெயரில்லாத துண்டிலிருந்தா என்று கேட்டேன். இல்லை, கல்யாணமான பெண்களாம், நாற்பது வயதுக்கு மேல். “நீர் மருமகனா வரமாட்டீர் எண்டு தெரிஞ்சும் போட்டிருக்கினம். எனக்கு விளங்கேல்லை தம்பி” என்று சொல்லிவிட்டு, வேலையை விட்டு நீக்கியதையும் சொன்னார். பப்பாசியை அவரே வெட்டிப் பாதி சாப்பிட்டார்.

நேரம் பார்த்ததற்கு நன்றி, அக்கா. அதை நான் மறக்கமாட்டேன். கேற்றையும் மறக்க முடியவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு உங்களோடு என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கை ஆறியதும் வாருங்கள். வினோதனிடம் கேட்டேன், வரட்டும் என்று எழுதிக் காட்டினான்.

நேற்று பொலிஸுக்குப் போனேன். அத்தானின் பெயரையும் மற்ற ஐந்து பேரின் பெயர்களையும் சொன்னேன். மட்டை, குழாய், எல்லாம் சொன்னேன். கேற் பூட்டியிருந்தது என்றும் யார் பூட்டியது என்றும் சொன்னேன். உங்களுக்கு அழைப்பு வரும். உங்கள் கையை யார் முறித்தது என்பதை நீங்கள் சொன்னால் அதையும் எழுதுவார்கள்.

சார்ஜன்ட் தமிழ் தெரிந்தவர். நிதானமாக எழுதிக்கொண்டு வந்து ஒரு இடத்தில் நிறுத்தினார். அடிபட்டவர் எனக்கு என்ன உறவு என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் அவரே நண்பர் என்று எழுதினார். வெட்டச் சொன்னேன். பேனையை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். தம்பி என்பதை மட்டும் சிங்களத்தில் சொன்னார்.

“மல்லி, என்ர மனுசி உமக்குத்தான் வோட் போட்டவ. நண்பர் எண்டு இருந்தா நாளைக்கே அவங்கள் ஆறு பேரையும் தூக்குவன். நீர் சொல்லுறதை எழுதினா அவங்களோட சேத்து உம்மையும் கோர்ட்டுக்குக் கொண்டுபோகோணும். பொய் சொல்லச் சொல்லேல்லை. கொஞ்சம் குறைச்சுச் சொல்லச் சொல்லுறன்.”

அவர் நல்ல மனிதர். அதனால்தான் கஷ்டமாக இருந்தது. குறைத்துச் சொல்லியிருந்தால் அத்தான் வோட் தகராறுக்காக ஒரு மாதம் உள்ளே இருந்துவிட்டு வருவார். வினோதனின் கண் ஒரு பாட்டுப் போட்டியில் போனதாக இருக்கும். அன்று அத்தான் ஏன் என்று கேட்டபோது அவன் உண்மையைச் சொன்னவன்.

சொன்னேன். அவர் ஒருமுறை திருப்பிக் கேட்டார். இன்னொரு முறை சொன்னேன். நண்பர் என்பதை ஒற்றைக் கோட்டால் வெட்டி, அதன் மேலே நான் சொன்னதை எழுதி, வெட்டிய இடத்தில் என்னைக் கையொப்பம் வைக்கச் சொன்னார். வைத்தேன். வழக்கு பதினேழாம் திகதி, இரு பக்கத்தாருக்கும் ஒரே நாள்.

நிக்கலஸ்